'ஏக் காவ், ஏக் பாண்வட்டா': ஒரு தண்ணீர் முழக்கமும் அதன் தமிழாக்கமும்

புனே நகரின் சுமைதூக்கும் தொழிலாளரை ஹமால் பஞ்சாயத்து என்னும் அமைப்பின்கீழ் ஒன்றுதிரட்டியவர் பாபா ஆடாவ். சாதி எதிர்ப்புப் பணியில் ஜோதிராவ் புலேயின் வழியைப் பின்பற்றிய இவர், 1970களில் மராட்டியச் சிற்றூர்களை நோக்கி ஓர் இயக்கத்தை முன்னெடுத்தார். ஊர்ப் பொதுக்கிணறுகளும் குளங்களும் தலித் மக்களுக்கு மூடப்பட்டிருந்த நிலையை மாற்றுவது அதன் நோக்கம். அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில், 1972-73இல், மராட்டியத்தைக் கடும் வறட்சி தாக்கியிருந்தது. எங்கும் தண்ணீர்ப் பேச்சாகவே இருந்த காலம் அது. இயக்கத்தின் பெயரே அதன் முழக்கமாகவும் அமைந்தது: 'ஏக் காவ், ஏக் பாண்வட்டா'. ஆடாவ் எழுதிய நூலுக்கும் அதுவே தலைப்பு.

நான்கே சொற்கள், ஒன்று இருமுறை வருவதால் உண்மையில் மூன்றே. வினைமுற்று இல்லை, வேற்றுமை உருபு இல்லை, இணைப்பிடைச்சொல் இல்லை. இத்தகைய தொடரைத் தமிழாக்குவதில் இடர்ப்பாடு இராது என்றே எவரும் கருதுவர். ஆயினும் ஆங்கில எழுத்துகளில் இது 'ஒரு கிராமம், ஒரு கிணறு' என்றும் 'ஒரு கிராமம், ஒரு நீராதாரம்' என்றும் பொருள்படப் பெயர்க்கப்பட்டு வருகிறது. ஆங்கிலத்தின் வழியாகவே மராத்தியை அறியும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கையில் அது 'ஊருக்கு ஒரு கிணறு' என்றாகிவிட வாய்ப்பு உண்டு. அவ்வாறாயின் முழக்கம் தலைகீழாகிவிடும். 'ஊருக்கு ஒரு கிணறு' என்பது பங்கீட்டுத் தொடர். கிணறில்லாத ஊர்களுக்குக் கிணறு வெட்டித் தரும் அரசுத் திட்டம் ஒன்றின் பெயராகவே அது தமிழ்ச் செவியில் விழும். ஆடாவ் கேட்டது கிணறு அன்று. கிணறு இருந்தது. ஒரே ஊரில் ஆளுக்கொரு கிணறாக அது பிரிந்திருந்தது என்பதே குறை.

மராத்தித் தொடர் மூன்று வகையில் பொருள்கொள்ள இடம் தருகிறது. ஒவ்வோர் ஊருக்கும் ஒன்று என்பது பங்கீட்டுப் பொருள். ஊர் ஒன்றாயின் தண்ணீர் எடுக்கும் இடமும் ஒன்றாதல் வேண்டும் என்பது நிபந்தனைப் பொருள். ஊரையும் ஒன்றாக்குக, இடத்தையும் ஒன்றாக்குக என்பது ஏவற்பொருள். வினையின்றி நிற்பதால் தொடர் இம்மூன்றையும் தாங்குகிறது. கேட்போர் தம் ஊர் நிலைமைக்கேற்பப் பின்னிரண்டையும் எடுத்துக்கொள்கின்றனர். 'ஏக்' என்னும் எண்ணுப்பெயர் தமிழின் 'ஒரு', 'ஒரே', 'ஒன்று', 'ஒன்றே' ஆகிய நான்கின் பணியையும் இங்குத் தான் ஒன்றாகவே செய்கிறது. மராத்தியில் 'ஏகச்' என்னும் அழுத்த வடிவம் உண்டு. முழக்கம் அதனை நாடவில்லை என்பது கருதத்தக்கது.

தமிழிலோ இந்நான்கனுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். 'ஒரு' என்றால் எண்ணிக்கை முந்துகிறது. 'ஒரே' என்றால் ஒருமை முந்துகிறது. ஆனால் 2019ஆம் ஆண்டை ஒட்டிப் பரவிய 'ஒரே நாடு, ஒரே குடும்ப அட்டை' முதலிய திட்டப் பெயர்களுக்குப் பின்னர் இச்சொல்லில் மேலிருந்து வரும் ஆணையின் ஒலி ஏறிவிட்டது. கீழிருந்து எழுந்த கோரிக்கைக்கு அவ்வொலி பொருந்தாது. திருமூலர் வாக்கால் தமிழருக்குப் பழகிய 'ஒன்றே' என்பதில் வீறு உண்டு. அது மெய்ப்பொருள் கூற்றாக உயர்ந்துவிடும் இடரும் உண்டு. இருப்பனவற்றுள் குறை குறைந்தது, பயனிலையாக நிற்கும் 'ஒன்று' என்பதே: 'ஊர் ஒன்று, தண்ணீர்த்துறையும் ஒன்று'. இங்கு உம்மை ஒரு வாதத்தையே சுமக்கிறது. முன்னதை ஒப்புக்கொண்டவர் பின்னதை மறுக்க இயலாது. மராத்தி சொல்லாமல் விட்ட நிபந்தனையை ஓர் இடைச்சொல் வெளிக்கொணர்கிறது. மூலத்தின் சுருக்கம் சற்றே கெடுகிறது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

நிலையும் துறையும்

'பாண்வட்டா' என்னும் சொல்லின் முதற்கூறு 'பாணி', அதாவது நீர். முழுச்சொல் நீரைக் குறிப்பதன்று. நீர் இருக்கும் கொள்கலத்தையும் குறிப்பதன்று. ஆற்றிலோ குளத்திலோ கிணற்றிலோ மக்கள் வந்து நீர் எடுக்கும் இடம் அது. இந்தியில் இதற்கு இணையாகப் 'பன்கட்' என்னும் சொல் உண்டு. ஆயின் இந்திப் பாடல் மரபு அதனைக் காதலர் சந்திக்கும் களமாக்கிவிட்டது. மராத்திச் சொல்லில் அத்தகைய மணம் மிகுதியாக இல்லை. குடமும் கயிறும் வரிசையும் உள்ள இடம் அது.

தமிழ் நிருவாக நடையில் நீர் பற்றிய சொற்கள் பெரும்பாலும் நீரின் இருப்பையே பேசுகின்றன. நீராதாரம், நீர்நிலை, நீர்த்தேக்கம் ஆகிய சொற்களில் நீர் இருக்கிறது. நீருக்கு வரும் மனிதர் இல்லை. 'பாண்வட்டா' என்பதை 'நீர்நிலை' என்று பெயர்த்தால் புவியியல் எஞ்சும், சண்டை மறையும். ஒரு குளத்தை இரு சாராரும் பயன்படுத்தலாம், ஆனால் வெவ்வேறு கரையில், மேல்துறை ஒருவருக்கு, கீழ்த்துறை மற்றொருவருக்கு என்னும் ஏற்பாட்டில் நீர்நிலை ஒன்றாகவே இருக்கிறது. பாண்வட்டா இரண்டாக இருக்கிறது. முழக்கம் எதிர்ப்பது இவ்விரண்டாம் நிலையைத்தான்.

தமிழில் இதற்கு நேர்ச்சொல் 'துறை'. ஐங்குறுநூற்றில் 'உண்துறை' என்னும் ஆட்சி உள்ளது. உண்ணும் நீருக்கான துறை என்பது பொருள். இறங்கும் இடம், அணையும் இடம், எடுக்கும் இடம் என்பன துறையின் அடிப்படைப் பொருள்கள். படித்துறை, வண்ணாந்துறை, தோணித்துறை எனக் கூட்டுச் சொற்களில் முதற்கூறு மாற மாற, யார் எதற்காக அங்கு வருகின்றனர் என்பது மாறும். வந்து சேர்வோரை உள்ளடக்கிய சொல் அது. ஆற்றுத்துறைகள் தமிழ்நாட்டிலும் சாதிவாரியாகப் பிரிந்தே கிடந்தன என்பதும் பொருத்தத்தைக் குறைப்பதில்லை, மிகுவிக்கிறது. பாண்வட்டாவும் அவ்வாறு பிரிந்திருந்ததனால்தான் அதன்முன் 'ஏக்' வேண்டியிருந்தது.

ஆனால் இருபதாம் நூற்றாண்டின் ஆட்சித்தமிழ் 'துறை'யை அரசு அலுவலகத்துக்கு ஒதுக்கிவிட்டது. வருவாய்த்துறை, கல்வித்துறை என்னும் வரிசையில் 'நீர்த்துறை' என்பது இன்று ஓர் இலாகாவின் பெயராகவே ஒலிக்கும். தமிழ்நாட்டில் 2021இல் நீர்வளத்துறை என்றே தனித்துறை அமைந்துவிட்டது. 'ஒரே ஊர், ஒரே நீர்த்துறை' என்று சுவரில் எழுதினால், ஊர்தோறும் ஒரு தண்ணீர் அலுவலகம் திறக்கப்போகிறார்கள் என்று எண்ணுவோர் இருப்பர். எனவே 'தண்ணீர்த்துறை' என்னும் வடிவமே தக்கது. 'தண்ணீர்' என்னும் பேச்சுச்சொல்லை அரசுத்துறை எதுவும் தன் பெயரில் சேர்த்துக்கொள்வது அரிது. சென்னை மயிலாப்பூரின் சந்தைப் பெயரில் 'தண்ணீர்த்துறை' இன்றும் வழங்குகிறது. 'ஊருணி' என்பதனையும் சிலர் முன்வைக்கக்கூடும். ஊர் உண்ணும் நீர் என்னும் பொருளும், குறளில் ஆளப்பட்ட பெருமையும் அதற்கு உண்டு. ஆனால் அது ஒருவகைக் குளத்தின் பெயராகச் சுருங்கிவிட்டது. மேலும், அதில் உண்ணும் 'ஊர்' யார் என்னும் வினாவை அது எழுப்புகிறதே தவிர விடை தருவதில்லை.

'டாங்க்' என்னும் ஆங்கிலச் சொல்லின் வழியே நேரும் பிழையும் இங்குக் கருதத்தக்கது. 1868இல் ஜோதிராவ் புலே புனேயில் தம் வீட்டு ஹவுத்தைத் தீண்டாமைக்கு உட்பட்ட மக்களுக்குத் திறந்துவிட்டார். ஹவுத் என்பது கட்டப்பட்ட தொட்டி. பேசுவா ஆட்சியில் காத்ரஜ் ஏரியிலிருந்து நிலத்தடிக் கால்வாய் வழியாக நகருக்கு வந்த நீர் இத்தகைய ஹவுத்துகளில் நிறைந்தது. ஆங்கிலத்தில் இது 'டாங்க்' என்றும் 'வெல்' என்றும் எழுதப்படுகிறது. இந்திய ஆங்கிலத்தின் 'டாங்க்' குளத்தையும் தொட்டியையும் ஒருங்கே குறிப்பதால், தமிழில் புலே ஊர்க்குளத்தைத் திறந்துவிட்டார் என்று எழுதிவிட நேரும். தன் வீட்டு நீரைத் திறப்பது வேறு. பொது நீரைத் திறப்பது வேறு. முன்னது ஒருவர் தம் சுற்றத்தாரையும் சாதியாரையும் எதிர்த்துச் செய்தது. பின்னதற்கு மராட்டியம் 1927ஆம் ஆண்டு மகாத் வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

மகாத் குளத்தின் பெயர் 'சவ்தார் தளே'. 'சவ்தார்' என்பதற்குச் சுவையுள்ள என்று பொருள். தமிழில் 'சவ்தார் குளம்' என ஒலிபெயர்த்தே எழுதுவர். அது தவறன்று, ஆனால் அடிக்குறிப்பிலேனும் பொருள் தரப்படவேண்டும். விலக்கப்பட்டது வெறும் குளம் அன்று, ஊரிலேயே நல்ல தண்ணீர் என்பதை மராத்தி வாசகர் பெயரிலேயே படித்துவிடுகிறார்.

ஊர் என்னும் சொல்

'காவ்' என்பதற்குக் 'கிராமம்' என்று எழுதுவதா, 'ஊர்' என்று எழுதுவதா என்பது நடைத்தேர்வு போலத் தோன்றும். 'காவ்', 'கிராமம்' இரண்டும் ஒரே வடமொழி மூலத்தைச் சார்ந்தவை என்பதால் முன்னதே பொருத்தம் என வாதிடவும் இயலும். பொருளியல் நோக்கில் அவ்வாதம் நில்லாது.

மராத்தியில் 'காவ்' என்பதற்கு இரு பொருள் உண்டு. எல்லையுள் வாழும் அனைவரையும் உட்கொள்ளும் பொருள் ஒன்று. 'காவ்கூஸ்' எனப்படும் ஊர்ச்சுவருக்கு உட்பட்டோரை மட்டும் குறிக்கும் பொருள் மற்றொன்று; 'காவ்குசாபாஹேர்', அதாவது ஊர்ச்சுவருக்கு வெளியே, என்னும் தொடர் தலித் மக்களின் வாழ்விடத்தைக் குறிப்பது இதன் மறுபக்கம். தமிழின் 'ஊர்' இதே இரட்டைப் பொருளை உடையது. வெளியூரில் ஒருவரைச் சந்திக்கும்போது 'எந்த ஊர்?' என்று கேட்பதில் சேரியும் அடங்கும். உள்ளூரில் 'ஊருக்குள்ளே' என்று சொல்லும்போது சேரி அடங்காது. 'ஊரும் சேரியும்' என்னும் எண்ணும்மைத் தொடரே இரண்டும் வேறு என்பதற்குச் சான்று.

'கிராமம்' அத்தகையதன்று. வருவாய்க் கிராமம் என்னும் ஆட்சிவழக்கில் அது நிலப்பரப்பின் அலகு. அதில் ஊரும் உண்டு, காலனியும் உண்டு. கிராமம் ஒன்று என்பதை எவரும் மறுப்பதில்லை. கிராம நிருவாக அலுவலர் பதிவேட்டிலேயே அவ்வாறு உள்ளது. ஆகவே 'கிராமம் ஒன்று' என்னும் மொழிபெயர்ப்பு யாரையும் உறுத்தாது. 'ஊர் ஒன்று' என்பது உறுத்தும். ஊர் இரண்டாக இருப்பதைக் கேட்பவர் அறிவார். உறுத்துவதற்காகவே பிறந்த முழக்கத்தை உறுத்தாமல் பெயர்ப்பது உண்மையான பெயர்ப்பாகாது.

பெயர் மாற்றங்கள் இவ்விடத்தில் ஒப்பிடத்தக்கவை. மராட்டிய அரசு 2020 டிசம்பரில் 'மஹார்வாடா' முதலிய சாதிசார் குடியிருப்புப் பெயர்களை நீக்கிச் சமதா நகர், பீம் நகர் போன்ற பெயர்களை இட முடிவு செய்தது. தமிழ்நாட்டில் 'காலனி' என்னும் சொல்லை அரசுப் பதிவுகளிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டது. புதுப்பெயர் பெற்ற பகுதி 'ஊர்' என்னும் சொல்லின் குறுகிய பொருளுக்குள் வந்ததா என்பதைப் பதிவேட்டில் காண இயலாது. அவ்வூரார் பேச்சில், குறிப்பாகத் தண்ணீர் பற்றிய பேச்சில், காணலாம். களஆய்வு செய்யும் மொழியியலாருக்கு இதனினும் நல்ல ஆய்வுக்களம் வாய்ப்பது அரிது.

எடுப்போரும் ஊற்றுவோரும்

தமிழில் நீரைப் பெறும் வினைகள் மூலத்தைத் தம்முள் கொண்டவை. கிணற்றில் சேந்துவர், குளத்தில் மொள்வர், வயலுக்கு இறைப்பர், குழாயில் பிடிப்பர், கைப்பம்பில் அடிப்பர், குமரி மாவட்டத்தில் கோருவர். 'சேந்தினாள்' என்ற அளவிலேயே கயிறும் கிணறும் வந்துவிடுகின்றன. மராத்தியில் 'பாணி பரணே', நீர் நிரப்புதல், என்பது பொதுவினை. கிணற்றுக்கு மட்டும் 'ஷேந்தணே' என்னும் சிறப்புவினை உண்டு. தமிழின் 'சேந்து' என்பதோடு இதன் ஒலியும் பொருளும் ஒத்திருப்பது தற்செயலாக இருத்தல் அரிது. கன்னடத்திலும் தெலுங்கிலும் இன வடிவங்கள் இருப்பதால், மராத்தி இதனைத் திராவிட மொழியொன்றிலிருந்து பெற்றிருக்கலாம் எனக் கருத இடமுண்டு. மராத்தி-தமிழ் உறவை நெடுங்காலம் ஆய்ந்த விசுவநாத் கைரேயின் முடிவுகள் பலவற்றை அப்படியே ஏற்க இயலாதெனினும், அன்றாடத் தொழிற்சொற்களில் இவ்வுறவு ஆழமாக இருப்பதாக அவர் கொண்டது இத்தகைய சொற்களால் வலுப்பெறுகிறது.

கயிறு பற்றும் வினை இரு மொழிக்கும் பொதுவாக இருக்க, கயிற்றைப் பற்றும் உரிமை இரு நிலத்திலும் பொதுவாக இருக்கவில்லை. கிணற்றடியில் குடத்தோடு காத்திருந்து, மேல்சாதியார் ஒருவர் இரங்கி மேலிருந்து ஊற்றும் நீரை ஏந்திச் செல்லும் வழக்கம் மராட்டியத்திலும் தமிழகத்திலும் இருந்தது. அப்பெண்ணைக் குறித்துச் 'சேந்தினாள்' என்று எழுத இயலாது. 'மொண்டாள்' என்றும் எழுத இயலாது. அவளுக்கு ஊற்றப்பட்டது. அவள் நான்காம் வேற்றுமையில் நிற்கிறாள். எழுவாயாக வேறொருவர் நிற்கிறார். நீர் கிடைத்ததா என்று கேட்டால் கிடைத்தது என்பதே விடை. மகாத்தில் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் குளத்தில் இறங்கிக் கையால் நீரை அள்ளிப் பருகியதன் பொருள், இவ்விலக்கணத்தில் வைத்து நோக்கினால் எளிதில் விளங்கும். தாகம் அங்குக் காரணமன்று, எழுவாய் மாறியது.

இங்கு ஓர் இடைக்குறிப்பு. பெருஞ்செல்வர் வீட்டைப் பற்றி மராத்தியில் 'லட்சுமி அவர் வீட்டில் தண்ணீர் நிரப்புகிறாள்' என்பர். தமிழில் அதே இடத்தில் லட்சுமி தாண்டவமாடுகிறாள். மராத்தி மரபுத்தொடரில் தெய்வமே ஏவற்பெண்ணாக வரும்போது, தண்ணீர் சுமப்பது யாருடைய வேலை என்பது கேளாமலே விளங்குகிறது. ஆடாவின் முழக்கத்தில் அவள் இல்லை. துறை ஒன்றாவதால் சாதிக்கோடு அழியலாம். குடம் சுமக்கும் தலை மாறுவதில்லை. அந்த முழக்கத்தைப் பாராட்டுவோர் பலரும் இக்குறையைக் கடந்துசெல்கின்றனர். நீரின் அளவு பற்றியும் அது பேசுவதில்லை. வற்றிய கிணற்றடியில் ஊர் முழுவதும் ஒன்றாக நின்றாலும் குடம் நிறையாது.

அளவு பற்றிய சிந்தனை அதே புனே மாவட்டத்தில் வேறொரு சொல்லால் வந்தது. வறட்சிக்குப் பின் புரந்தர் வட்டத்து நாயகாவில் விலாஸ்ராவ் சாளுங்கே தொடங்கிய 'பாணி பஞ்சாயத்' பாசன நீரை நிலத்தின் அளவைக்கொண்டு பங்கிடவில்லை. குடும்பத்தின் தலைகளை எண்ணிப் பங்கிட்டது. ஆளுக்கு அரை ஏக்கர், குடும்பத்துக்கு மேல்வரம்பு இரண்டரை ஏக்கர், நிலமற்றோருக்கும் நீர்ப்பங்கு உண்டு, கரும்பு கூடாது. இது குடிநீர் பற்றியதன்று எனினும், நீருரிமையை நிலத்திலிருந்து பிரித்து ஆளோடு சேர்த்த வகையில் ஆடாவின் முழக்கத்துக்கு அருகில் நிற்கிறது. இதனைத் 'தண்ணீர்ப் பஞ்சாயத்து' என்று தமிழில் எழுதுவோர் ஒன்றை நினைவிற்கொள்ளவேண்டும். தமிழ்ப் பேச்சில் 'பஞ்சாயத்து' என்பது வழக்குத் தீர்ப்பதையும், ஏன் வழக்கையே கூட, குறிக்கும். 'தண்ணீர்ப் பஞ்சாயத்து' என்றால் குழாயடிச் சண்டை என்று வாசகர் எண்ணக்கூடும். 'நீர்ப்பங்கீட்டு மன்றம்' போன்ற விளக்கப்பெயர் சுவையற்றதாயினும் இடரற்றது.

சட்டமும் 'அணுக'லும்

சட்டமொழி இவ்வகையில் இலக்கியத்தினும் துல்லியமாக இருந்திருக்கிறது. 1923இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் எஸ். கே. போலே கொண்டுவந்து நிறைவேறிய தீர்மானம், கிணறுகளைத் தனியே சுட்டியதோடு பொதுவான 'வாட்டரிங் பிளேசஸ்' எனவும் குறித்தது. மகாத் போராட்டத்துக்கு அடித்தளம் அதுவே. 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் பொதுச்சாலைகளோடு கிணறு, குளங்களையும் சேர்த்தே பேசியது. பின்னாளில் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றப்பெற்ற 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் நான்காம் பிரிவு ஆறு, ஓடை, ஊற்று, கிணறு, குளம், தொட்டி, குழாய் என்று அடுக்கி, இறுதியில் 'பிற வாட்டரிங் பிளேஸ்' என முடிக்கிறது. அதுவே பாண்வட்டா, அதுவே தண்ணீர்த்துறை. பட்டியலில் இடம்பெறாத எந்த வடிவமும் தப்பிவிடாதிருக்க வைத்த சொல் அது. இதனை 'பிற நீர்நிலைகள்' என்று பெயர்த்தால் சட்டத்தின் வலை கிழியும். சாலையோரத்தில் நிற்கும் டாங்கர் லாரி நீர்நிலை ஆகாது, ஆனால் தண்ணீர்த்துறை ஆகும்.

அதே பிரிவு 'பயன்படுத்துதல்' என்பதோடு 'ஆக்சஸ்' என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. இந்த 'ஆக்சஸ்' இன்று வளர்ச்சித்துறை எழுத்துகளில் 'அணுகல்' என்று வழங்குகிறது. 2010 ஜூலையில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை குடிநீரை மனித உரிமையாக ஏற்றது. 2015இல் வகுத்த நிலைத்த வளர்ச்சி இலக்குகளுள் ஆறாவது, 2030க்குள் அனைவருக்கும் பாதுகாப்பான, கட்டுப்படியாகும் விலையிலான குடிநீருக்குச் சமமான 'ஆக்சஸ்' வேண்டும் என்கிறது. 'நீர் அணுகல்' என்னும் தமிழாக்கம் இங்குப் பொருந்தாது. 'அணுகு' என்பது அருகே செல்லுதல். கிணற்றை அணுகியும் கயிற்றைத் தொட இயலாமல் நின்றவளே முன்னர்க் கண்ட பெண். அவளிடம் அணுகல் இருந்தது. உலக நலவாழ்வு நிறுவனமும் யுனிசெஃப்பும் இணைந்து நடத்தும் கண்காணிப்புத் திட்டம், சென்று வரிசையில் நின்று திரும்ப 30 நிமிடத்துக்கு மேற்படாத மேம்பட்ட நீர்மூலத்தை 'அடிப்படை' நிலை என வகுக்கிறது. நிமிடக்கணக்கு பயனுடையதே. வரிசையில் யார் யாருக்குப் பின் நிற்கிறார் என்பதை அது அளப்பதில்லை. இடம் நோக்கித் 'தண்ணீர் எடுக்கும் உரிமை' என்றோ 'தண்ணீர் எடுக்கும் வசதி' என்றோ பிரித்தெழுதுவதே மொழிபெயர்ப்பாளர் கடன். ஒரே கலைச்சொல்லால் இரண்டையும் மூடிவிடுவது வசதியானது, ஆனால் பிழை.

இவ்விரண்டின் வேறுபாடு புனேயின் வரலாற்றோடு நெருங்கியது. எரவாடாச் சிறையில் 1932 செப்டம்பரில் புனே உடன்படிக்கை கையெழுத்தானபின் அரிசன சேவா சங்கம் அமைந்தது. தனிக்கிணறுகள் வெட்டித் தருவது அதன் பணிகளுள் ஒன்றாயிற்று. அதே ஆண்டில் தக்கர் பாபாவுக்கு எழுதிய மடலில் அம்பேத்கர், ஊர்க்கிணற்றில் நீர் எடுப்பது போன்ற குடிமை உரிமைகளுக்கான இயக்கத்தையே சங்கம் முதற்கண் மேற்கொள்ளவேண்டும் என்றார். தனிக்கிணறு வசதியைத் தரும். பொதுக்கிணறு உரிமையைத் தரும். ஆடாவின் 'ஏக்' என்னும் சொல்லில் அம்பேத்கரின் இம்மடல் ஒலிக்கிறது. அதனை 'ஊருக்கு ஒரு கிணறு' என்று பெயர்ப்பவர் அறியாமலே எதிர்த்தரப்புக்கு மொழிபெயர்ப்பவராகிறார்.

'பாதுகாக்கப்பட்ட' நீர்

தமிழில் 'பாதுகாக்கப்பட்ட குடிநீர்' என்னும் ஆட்சிவழக்கு பழைய நிருவாக ஆங்கிலத்தின் 'புரொடெக்டட் வாட்டர் சப்ளை' என்பதன் நேர்பெயர்ப்பு. இன்று 'சேஃப்' என்பதற்கும் அதுவே வழங்குகிறது. இறந்தகாலச் செயப்பாட்டுப் பெயரெச்சமாதலின், யாரால், யாரிடமிருந்து என்னும் வினாக்களைத் தவிர்க்க இயலாது. கிருமியிடமிருந்து என்பது பொறியாளர் விடை. மராத்தியில் 'ஷுத்த பாணி', தூய நீர், என்பர். மகாத்தில் நீர் பருகிய நிகழ்ச்சிக்குப் பின் மேல்சாதியார் பால், தயிர், சாணம், கோமியம் கலந்த 108 குடங்களைக் குளத்தில் அமிழ்த்தி அதற்குச் 'சுத்தி' செய்தனர். நோய்க்கிருமிநூலின்படி அது குளத்தை மாசுபடுத்தல். அவர்கள் மொழியில் தூய்மைப்படுத்தல். எனவே 'ஷுத்த பாணி' என வரும் மராத்திப் பனுவலைத் தமிழாக்குவோர், நலவாழ்வுத்துறையின் பொருளா, சடங்கின் பொருளா என்று ஒவ்வோரிடத்தும் நின்று நோக்கவேண்டும். 'சுத்தம்' என்னும் தமிழ்வடிவம் இரண்டையும் ஏற்கும். 'நோயற்ற நீர்', 'தீட்டு நீங்கிய நீர்' எனப் பிரித்தல் சில இடங்களில் தேவைப்படும்.

2019 ஆகஸ்டு 15இல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம், ஊரகத்து ஒவ்வொரு வீட்டுக்கும் நாளொன்றுக்கு ஆளுக்கு 55 லிட்டர் நீரைக் குழாயில் தர முற்பட்டது. 2024க்குள் முடிக்க வகுக்கப்பட்ட இதன் காலம் 2025இல் 2028 வரை நீட்டிக்கப்பட்டது. 'ஹர் கர் ஜல்' என்னும் அதன் முழக்கத்தில் மொழிபெயர்ப்புச் சிக்கல் ஏதுமில்லை; 'வீடுதோறும் குடிநீர்' என்றால் போதும், 'தோறும்' பங்கீட்டை ஐயமறச் சொல்லிவிடும். அலகு ஊரிலிருந்து வீட்டுக்கு மாறிவிட்டது. வீட்டு முற்றத்தில் குழாய் வந்தபின் தண்ணீர்த்துறை என ஓர் இடம் இல்லை. 'சேந்து', 'மொள்' என்பன போய்ப் 'பிடி' மட்டும் எஞ்சுகிறது. பிறர் தலையிலிருந்த குடம் இறங்குவது சிறிய நன்மையன்று. ஆடாவின் முழக்கம் தொடாத பகுதியை இம்முழக்கம் தொட்டது எனலாம்.

எனினும் குழாய்க்குப் பின்னே தொட்டி உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதியினர் குடியிருப்புக்கு நீர் வழங்கிய மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மலம் கலந்திருந்தது 2022 டிசம்பரில் தெரியவந்தது. அதன்பின் வெளிவந்த செய்திகளில் மீண்டும் மீண்டும் வந்த தொடர் 'காலனித் தொட்டி' என்பது. தொட்டி ஊரின் பெயரால் அழைக்கப்படாமல் காலனியின் பெயரால் அழைக்கப்பட்டது. அகரமுதலியில் 'பாண்வட்டா' என்பதற்கு ஆறு, குளம், கிணறு ஆகியவற்றை மட்டும் எடுத்துக்காட்டாகத் தரும் பதிவில், இனி மேல்நிலைத் தொட்டியையும் சேர்க்கவேண்டும்.